நன்றாகத் தூங்குகிற மோட்டார்மேன்

4 ஜூன் 2007, தாம்பரம்

லீவு இன்னும் ஆறு வாரம். ஜூலை 16 காலை வண்டியில் ஏற வேண்டும். என்னால் முடியாது. இதை யாரிடம் எப்படிச் சொல்வது என்றுதான் தெரியவில்லை.

ரயில்வே டாக்டர் இன்றும் கண், பிரஷர், சுகர் எல்லாம் பார்த்தார். எல்லாம் நார்மல். "உடம்பு நல்லா இருக்கு வேதசிரோமணி, டென்ஷனைக் குறைங்க" என்றார். அவர் மேல் தப்பில்லை. எடுத்துக் காட்ட என்னிடம் முறிந்த எலும்பா இருக்கிறது? பத்தொன்பது வருஷம் எலெக்ட்ரிக் டிரெயின் ஓட்டியவன், இப்போது குக்கர் விசிலுக்குக் கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொள்கிறேன். எனக்காக என் மனைவி ரத்தினம் குக்கரை எடுத்து மேலே வைத்துவிட்டு வடிசோறு வடிக்கிறாள். பாடம் நடத்த ஸ்கூலுக்குக் கிளம்புகிற அவசரத்தில் கஞ்சி கையில் கொட்டிவிட்டது. ரெண்டு திட்டு திட்டினால்கூடத் தேவலை.

5 ஜூன்

ராத்திரி அதே சத்தம், வண்டியில் ஆள் மோதிய சத்தம். தலையணையை மாற்றிப் பார்த்தேன், என்னமோ சத்தம் தலையணையில் இருக்கிற மாதிரி.

9 ஜூன்

அந்தோணிசாமி வந்தான். என்னோடு அதே வருஷம் வேலைக்குச் சேர்ந்தவன், அதே தாம்பரம்–பீச் லைன். சிட்டியில் ஒரு ஆஸ்பத்திரியில் ஆராய்ச்சி நடக்கிறதாம். வண்டியில் ஆள் அடிபட்ட மோட்டார்மேன்களின் மூளையைப் படம் எடுக்கிறார்கள்.

"உன் மண்டைக்குள்ள இன்னா கீதுன்னு போட்டோ புடிப்பாங்க மச்சான். அத்த கொண்டுபோய் டாக்டர் மேசைல போடு. ஷெட்டுல எதுனா வேலை குடுத்துடுவாங்க."

மூன்று மாதத்தில் முதல் தடவையாக உருப்படியாக ஒன்று கேட்டேன்.

அவனும் வருகிறான். என்னைப் போலக் கெட்டுப்போனவர்கள் பாதி, ஆள் அடிபட்டும் நன்றாகத் தூங்குகிறவர்கள் பாதி வேண்டுமாம், ஒப்பிட்டுப் பார்க்க. என் வண்டியில் நான்கு பேர். அவன் வண்டியில் ஏழு. டியூட்டி முடிந்து குளிப்பான், பிரியாணி சாப்பிடுவான், தூங்கிவிடுவான். இவனைச் செய்யும்போது கர்த்தர் வேறு மண் எடுத்திருக்கிறார்.

18 ஜூன்

ஆராய்ச்சி செய்கிற பெண் பெயர் ஜோசலின். முப்பது வயதிருக்கும், பொறுமைசாலி. "பயப்படுற இடம், ஞாபகம் வைக்கிற இடம், அடக்குற இடம்னு மூளையில நிறைய இருக்கு சார். எது எதோட சேர்ந்து வேலை செய்யுதுன்னு பார்க்கிறோம்." ஃபாரம் எட்டுப் பக்கம். எல்லா ஃபாரத்தையும் போலக் கடைசிப் பக்கத்தைத் தேடிக் கையெழுத்துப் போட்டேன்.

பிறகு மார்ச் 12 பற்றிக் கேட்டாள். குரோம்பேட்டைக்கும் பல்லாவரத்துக்கும் நடுவில் ஒரு பெண் தண்டவாளத்தில் இறங்கினார். ஹார்ன் அடித்தேன். பிரேக் போட்டேன். நிற்கவில்லை. போலீசிடமும் இவ்வளவுதான் சொன்னேன், ரத்தினத்திடமும்.

"இப்ப சாதாரணமா ஒண்ணு சொல்லுங்க சார். தினமும் நடக்கிறது, சந்தோஷமும் வேண்டாம் வருத்தமும் வேண்டாம்." இரண்டையும் தன் குரலில் பதிவு செய்து, மெஷினுக்குள் படுத்திருக்கும்போது காதில் போடுவாளாம்.

பல் தேய்ப்பதைச் சொல்லியிருக்கலாம். வாயில் வந்ததைச் சொன்னேன் — காலை வண்டி, பல்லாவரத்துக்கு முன்னால் சுவரில் ஒரு உடைப்பு, அங்கே மஞ்சள் குடையோடு ஒரு அம்மா நிற்பார், தோல் கம்பெனி வேலைக்குப் போகிறவர், என் வண்டி போனதும் தாண்டுவார், நான் கை தூக்குவேன், அவர் தலையசைப்பார்.

"அழகா இருக்கு சார்" என்று எழுதிக்கொண்டாள்.

ஏன் சொன்னேன்? எனக்கென்ன பைத்தியமா?

23 ஜூன்

ஃபாரத்தின் நகலை ரத்தினம் பரீட்சைப் பேப்பர் மாதிரி உட்கார்ந்து படித்தாள். "தனித்தனியா ரிப்போர்ட் தரமாட்டாங்கன்னு நாலாம் பக்கத்துல போட்டிருக்கேங்க."

ஜோசலினுக்கு போன் போட்டேன். "ஒருத்தர் படத்தை வச்சு ஒண்ணும் சொல்ல முடியாது சார். எல்லாரையும் சேர்த்துச் சராசரி பார்த்தாத்தான் தெரியும்" என்றாள். டாக்டரிடம் எதைக் காட்டுவேன் என்று கேட்டதும், படத்தின் காப்பி ஒன்று தரலாமா என்று மேலே கேட்டுப் பார்க்கிறேன் என்றாள்.

காப்பி போதும். எதையாவது கையில் கொண்டுபோக வேண்டும்.

3 ஜூலை

மோதிரம், செயின் எல்லாம் கழற்றி வாங்கிக்கொண்டார்கள். தலைக்கு மேல் ஒரு கூண்டு. கையில் ஒரு ரப்பர் பல்பு, முடியாவிட்டால் அமுக்க. அசையக் கூடாது.

முதலில் மார்ச் 12 வந்தது. நீங்கள் ஹார்ன் அடிக்கிறீர்கள், நீங்கள் பிரேக் போடுகிறீர்கள். யாருக்கோ நடந்த மாதிரி கேட்டுக்கொண்டு கிடந்தேன். அதற்குப் பிறகு சாதாரணமானது. "காலை வெயில். சுவர் உடைப்பில் மஞ்சள் குடை தெரிகிறது. நீங்கள் கை தூக்குகிறீர்கள்."

என் கை தானாகத் தூக்கிக்கொண்டது. மெஷினில் போய் இடித்தது. பல்பை எப்போது அமுக்கினேன் என்று தெரியாது. வெளியே இழுத்தபோது கத்திக்கொண்டிருந்தேனாம்.

"ரெண்டும் ஒரே ஆள்மா" என்றேன். ஜோசலினுக்கு முதலில் புரியவில்லை.

அன்றைக்குக் காலை வண்டி என்னுடையது இல்லை. மச்சினன் நிச்சயதார்த்தத்துக்காக அந்தோணிசாமியிடம் டியூட்டி மாற்றிக் கேட்டது நான்தான். தாம்பரத்திலிருந்து போகிற என் வண்டியை அவன் ஓட்டினான், பீச்சிலிருந்து வருகிறதை நான், அன்றைக்குக் கொஞ்சம் லேட்டாக. அந்த அம்மாவுக்குக் கணக்கு ஒரே வண்டிதான். அது போனால் பாதை காலி. அது போயிற்று, இறங்கினார், எதிர் லைனில் நான். கடைசிவரை என் பக்கம் திரும்பவில்லை, போன வண்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த ஒரு வண்டியை நம்பப் பழக்கியது நான். தினம் தினம் கை தூக்கிப் பழக்கினேன். பெயர் அங்காளம்மாள். போலீஸ் பேப்பரைப் பார்த்துத்தான் பெயரே தெரியும்.

படம் உதவாது, தலை அசைந்துவிட்டது. வேறு நினைவு எழுதி மறுபடி எடுக்கலாமா என்று கேட்டாள். என்னிடம் வேறு இல்லை என்றேன்.

4 ஜூலை

ரத்தினத்திடம் முழுதாகச் சொன்னேன். "நிச்சயத்துக்கு வரச்சொல்லி நச்சரிச்சது நான்தானே" என்றாள். இப்போது அவளுக்கும் ஒரு பங்கு கொடுத்தாகிவிட்டது. நல்ல புருஷன்.

11 ஜூலை

அந்தோணிசாமி வந்தான். அவன் படம் போன வாரமே எடுத்தாகிவிட்டது. மெஷினுக்குள் எனக்கு நடந்ததைச் சொன்னேன். கேலி செய்வான் என்று பார்த்தேன். சட்டைப் பட்டனைத் திருகிக்கொண்டே இருந்தான்.

"அன்னிக்கு நான் கை தூக்கலைன்னு அந்தம்மாவே தூக்குச்சு மச்சான். உன் வண்டியாச்சே, நீன்னு நெனைச்சிக்கிச்சு. நானும் தூக்கினேன். சும்மாதான்டா தூக்கினேன்."

நான்கு மாதம் இதை வைத்துக்கொண்டு எனக்கு யோசனை சொல்லிக்கொண்டிருந்திருக்கிறான். தினமும் டியூட்டி முடிந்து குடித்தால்தான் கண் மூடுகிறதாம்.

"அப்புறம் ஏன்டா நல்லா தூங்குறேன்னு எழுதிக் குடுத்தே?"

"தூங்குறேன்ல."



16 ஜூலை

டாக்டரிடம் காட்டக் கையில் ஒன்றும் இல்லை. ஏறினேன். சுவர் உடைப்பில் டிபன் பையோடு மூன்று பேர். ஹார்னிலிருந்து கையை எடுக்கவே இல்லை. ஒருவர் காதைப் பொத்திக்கொண்டு என்னைத் திட்டினார். திட்டட்டும்.

2 ஆகஸ்ட்

ஜோசலின் போன் செய்தாள். "அந்தோணிசாமி சார் ஸ்கேன் ரொம்ப சுத்தமா வந்திருக்கு சார், கொஞ்சம்கூட அசையலை. அவர் மாதிரி இன்னும் ஒருத்தர் குறையுது. நல்லா தூங்குற மோட்டார்மேன் யாராவது தெரியுமா?"

பத்தொன்பது வருஷத்துப் பெயர்களையும் ஒவ்வொன்றாக யோசித்தேன்.

யாரும் இல்லைம்மா என்றேன். பிறகு, அந்தோணிசாமி பேரையும் அதிலிருந்து அடிச்சிடும்மா என்றேன்.