சூப் கோப்பையோடு நான் ஆடிய ஆட்டம்

சோலோதுர்ன்
14.5.1989

பிள்ளையின் அம்மாவுக்கு,

என்னோடு அறையில் இருக்கும் சிறீதரன் தன் வீட்டுக்கு அனுப்பிய போட்டோவை இதற்குள் நீரும் பார்த்திருப்பீர். ஒரு பெட்டைக்கு முன்னால் தலையில் இறகு குத்திக்கொண்டு சிரிப்பது நான்தான்.

கோபிக்காமல் வாசியும். எங்கள் அகதி விடுதியில் உகண்டாவிலிருந்து வந்த அச்சோலி இனத்து இளசுகள் பத்துப் பேர் இருக்கிறார்கள். தங்கள் ஆட்டம் மறந்துபோகக் கூடாதென்று ஞாயிறுதோறும் கூடி ஆடுவார்கள். பெடியள் தலையில் இறகு குத்தி, பாதிச் சுரைக்குடுவையைச் சைக்கிள் கம்பியால் தட்டி ஆட, பெட்டையள் நல்ல ஆட்டக்காரனைத் தெரிவுசெய்ய வேண்டும். இங்கே சுரைக்குடுவைக்கு எங்கே போவது? டவுனில் ஒரு சாப்பாட்டுக்கடைக் குசினியில் வேலைசெய்யும் நான் சூப் கோப்பைகளைக் கொடுத்தேன். கம்பி என் சைக்கிளில் கழற்றியது. இப்போது வேலைக்கு நடந்துதான் போகிறேன்.

போன கிழமை விடுதியில் ஒரு விழா. அன்று ஆட இருந்த பெடியளில் ஒருவனுக்குக் காய்ச்சல்.

"கோப்பையும் உங்கட, கம்பியும் உங்கட. நீங்களே நில்லுங்கோ அண்ணை," என்று சிறீதரன் என்னை வரிசையில் தள்ளிவிட்டான்.

லமுனு என்ற பெட்டை என் முன்னால் வந்து நின்றாள். அப்போது எடுத்த படம் அது. அடுத்த அடியிலேயே எனக்குத் தாளம் பிசகியது. அவள் பக்கத்தில் நின்றவனிடம் போய்விட்டாள். பிறகு வந்த மூன்று பேரும் அப்படியே. அதையெல்லாம் சிறீதரன் படம் எடுக்கவில்லை.

விசா பற்றிக் கேட்டிருந்தீர். இங்கே இப்போது நல்ல வெயில்.

மகளுக்கு என் முகம் மறந்துபோகிறதென்றும் எழுதியிருந்தீர். அந்தப் படத்தை அவளுக்குக் காட்டும்.

என்னை ஒருத்தி தெரிவுசெய்ததென்றால், பெண்பார்க்க வந்த அன்று நீர் தலையாட்டியதோடு சரி.

இப்படிக்கு,
கடைசிவரை தனியே நின்று கோப்பை தட்டியவன்