மைனஸ் இரண்டரை

என் பிடிவாதக்கார மகளுக்கு,

என் எலும்பு அடர்த்தியை மறுபடி அளந்தார்கள். மூன்று வருடம் முன்பு மைனஸ் மூன்று, இப்போது மைனஸ் இரண்டரை. "தேயறதவிட புதுசா வளர்றது ஜாஸ்தியாயிருக்கு. ஆனாலும் மைனஸ்தான், பாத்து நடங்க" என்றார் டாக்டர் பெட்ரிஷின்.

"நம்ம சஸ்காட்செவான் குளிர்ல மைனஸ் ரெண்டரை டிகிரின்னா கோட்டக் கழட்டிப் போடுற நாளாச்சே டாக்டர்" என்றேன். சிரித்துவிட்டார்.

எலும்பு வளர ஊசி போட்டது அவர்தான். ஆனால் உருளைக்கிழங்குப் பையைத் தூக்கிக்கொண்டு தினமும் நிலவறைப் படி ஏறி இறங்கியது நான்.

"ஒரு தடவ விழுந்தாலும் வீட்ட வித்துட்டு எங்கிட்ட வந்துடணும்மா" என்று சத்தியம் வாங்கினாயே, மறக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை, பனித்தரையில் கல்லை வட்டத்துக்குள் சறுக்கிவிடும் நம் கர்லிங் ஆட்டத்தில், கடைசிக் கல்லைத் தள்ளிவிட்ட வேகத்தில் இடுப்பு மோத விழுந்தேன். "அசையாதடி" என்று என் அணித் தோழி டார்லீன் கத்தினாள். நானே எழுந்து நின்றேன். எக்ஸ்ரேயில் ஒரு கீறல்கூட இல்லை. கல்லும் வட்டத்தின் நட்டநடுவில் போய் நின்றது. ஜெயித்துவிட்டோம்.

அதனால் அந்தச் சத்தியத்தில் ஒரே ஒரு சொல்லைத் திருத்திக்கொள். விழுந்தால் இல்லை, உடைந்தால்.

இடுப்பும் உடையாத, வீடும் விற்காத,
உன் அம்மா