தீக்குச்சி செருகிய துளைகள்

குளியலறையிலிருந்து ஈரச் சிமெண்ட் வாசம் வருகிறது. நான்கு நாளாகக் காலையும் மாலையும் அந்தச் சுவருக்குத் தண்ணீர் தெளிக்கிறேன். பழைய துளைகளில் அடைத்த கலவை நன்றாக இறுகிய பிறகுதான் கைப்பிடிக் கம்பியைத் திரும்ப மாட்ட வேண்டுமாம். கொத்தனார் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார்.

முப்பது வருடம் வகுப்பில் நின்றே பாடம் நடத்தியவள் நீ. ஓய்வு பெற்றதும் முழங்கால்கள் உன்னைக் கைவிட்டன. எழுந்துகொள்ள வசதியாக இருக்கட்டும் என்று அந்தக் கம்பியைப் போட்டோம். இரண்டே வருடத்தில் திருகாணியைச் சுற்றிப் பூச்சு உதிரத் தொடங்கியது.

"என்னங்க, கம்பி ஆடுது. கொத்தனார வரச் சொல்லுங்க" என்றாய்.

"இதுக்குப் போயி கொத்தனாரா?" என்று நானே உட்கார்ந்தேன். கோயிலுக்குக் கிளம்பும் அவசரம். துளைக்கு ஒரு தீக்குச்சியாகச் செருகித் திருகாணியை இறுக்கினேன். நீ இழுத்துப் பார்த்தாய். "தாங்குமா?" என்று கேட்டாய். "உன் எடைக்கு இது போதும்" என்று சிரித்தேன். நீயும் சிரித்தாய்.

பதினைந்து நாள்கூடத் தாங்கவில்லை. அன்று காலை நான் வாசலில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். செல்லூரின் தறிச் சத்தத்தில் நீ எத்தனை முறை கூப்பிட்டாயோ, தெரியாது. உள்ளே வந்தபோது தரையில் கிடந்தாய். பிடுங்கிக்கொண்டு வந்த கம்பி உன் கையிலேயே இருந்தது. வலியில் உதட்டைக் கடித்துக்கொண்டு நீ சொன்ன முதல் வார்த்தை, "இத எங்கயாச்சும் எடுத்து வச்சிருங்க. பிள்ள வந்தா கேப்பா."

எடுத்துக் கட்டிலுக்கடியில் வைத்தேன்.

வாடிப்பட்டியிலிருந்து மகள் ஆஸ்பத்திரிக்கு ஓடி வந்தாள். "எப்பிடிம்மா விழுந்த?"

"தர ஈரம்டி. காலு வழுக்கிருச்சு."

பக்கத்தில் நின்று நானும் தலையாட்டினேன். இடுப்பெலும்பு முறிந்து படுத்த நீ பிறகு எழுந்திருக்கவில்லை. நான்காவது மாதம் நெஞ்சில் சளி கட்டிக்கொண்டது, போய்விட்டாய். துருப்பிடித்ததால் கம்பியைக் கழற்றிவிட்டதாக மகளிடம் சொன்னேன். அவளும் நம்பினாள்.

போன வாரம் அதே இடத்தில் எனக்குக் கால் தடுமாறியது. விழவில்லை. ஆனாலும் மகள் விடவில்லை, கொத்தனாரைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டாள். அவர் ஆணியால் துளைகளைச் சுரண்டினார். தூசியோடு ஒவ்வொன்றாகக் குச்சிகள் வந்தன.

"யாரு சார் இதுல தீக்குச்சி சொருகுனது? ஆளு பிடிச்சு எந்திரிக்கிற கம்பி. செங்கல்ல பிடிச்சு நிக்கணும் சார். இம்புட்டூண்டு குச்சி எப்பிடித் தாங்கும்?"

மகள் கதவோரம் நின்றிருந்தாள். யாரோ என்று சொல்லியிருக்கலாம். "நான்தான்" என்றேன். அதன் பிறகு வாய் நிற்கவில்லை. நீ கேட்டது, நான் சிரித்தது, கட்டிலுக்கடியில் ஒளித்தது, எல்லாவற்றையும் கொத்தனாரை வைத்துக்கொண்டே சொல்லிவிட்டேன். அவர் கையைக் கழுவிவிட்டு, டீ குடித்துவிட்டு வருவதாக வெளியே போனார்.

"அம்மா எங்கிட்டக்கூடச் சொல்லலையேப்பா" என்றாள் மகள். அடுப்படியில் போய் நின்று அழுதாள். துளைகளை அடைத்து முடிக்கும்வரை இருந்துவிட்டு, சாப்பிடாமலே பஸ் ஏறினாள்.

மறுநாள் காலை போன் வந்தது. "சுவத்துக்குத் தண்ணி தெளிச்சீங்களா?" தெளித்தேன் என்றதும் வைத்துவிட்டாள். தினமும் அந்த ஒரு கேள்விதான். மன்னித்தாளா என்று கேட்க எனக்குத் தைரியமில்லை.

நான்கு மாதம் உன் படுக்கையருகிலேயே இருந்தேன். உடம்பைத் துடைத்துவிட்டேன், கஞ்சி ஊட்டினேன். ஒருநாளாவது திட்டுவாய் என்று காத்திருந்தேன். "நேரத்துக்குச் சாப்பிடுங்க" என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தாய். எனக்காக நீ சொன்ன பொய்யை மகளிடம் இறக்கி வைத்துவிட்டேன். என்னைத் திட்டாமலே நீ போனதை எங்கே இறக்கி வைப்பது என்றுதான் தெரியவில்லை.