கறுப்புச் சட்டைக்காரியின் பாடங்கள்

அன்புள்ள என் வீட்டுக்காரருக்கு,

நானும் நம் வாலுவும் சுகம். உங்கள் முதுகுவலி எப்படி இருக்கிறது? எஞ்சின் அறைச் சூட்டில் தண்ணீர் குடிக்க மறக்காதீர்கள். இதையெல்லாம் போனில் சொல்லலாம்தான், சொல்லி முடிப்பதற்குள் லைன் போய்விடுகிறது. அதனால் காகிதத்தில் எழுதி, நீங்கள் கேட்ட ஹார்ட் டிஸ்கோடு சேர்த்து வைக்கிறேன். உங்கள் கப்பல் எலக்ட்ரீஷியன் நாளை வந்து வாங்கிக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார்.

குளியலறைக் குழாய் மறுபடியும் ஒழுகுகிறது. கண்ணாடிக் கடையில் என்னைக் கவுன்ட்டருக்கு மாற்றிவிட்டார்கள். நாள் முழுக்க மற்றவர்கள் மூக்கில் ஃபிரேம் மாட்டி, அழகாக இருக்கிறது என்று பொய் சொல்வதுதான் இப்போது என் வேலை. வாலுவுக்கு முன்பல் விழுந்துவிட்டது. காதுக் கருவிக்கு பேட்டரியை அவளே மாற்றிக்கொள்கிறாள். என்னைத் தொடவிடுவதில்லை.

இனி நீங்கள் கேட்ட சைகைமொழிப் பாட வீடியோ விஷயம். லிங்கை ஒட்டினால் போதும், மிச்சத்தை மென்பொருளே பார்த்துக்கொள்ளும் என்று சொல்லிவிட்டுப் போனீர்கள். அது ஒன்றையும் பார்த்துக்கொள்ளவில்லை. நான்தான் அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பாதி இறங்கியதும் நெட் போய்விடும், பச்சைக் கோடு நின்ற இடத்திலேயே நிற்கும். இறங்கியதை அப்படியே கொடுத்தால் உங்கள் மெஸ் டிவி ஏற்காது, அதற்குப் பழைய வகைக் கோப்புதான் வேண்டும் என்று வேறு சொல்லியிருந்தீர்கள். ஒவ்வொன்றையும் ஏவிஐ-யாக மாற்றி, பென் டிரைவில் ஏற்றி, நம் பழைய டிவியில் ஓட்டிப் பார்த்துத்தான் அனுப்புகிறேன். கடையில் நின்ற கால் வலியோடு உட்கார்ந்து செய்த வேலை இது. ஒரு வார்த்தை பாராட்டினால் குறைந்துபோக மாட்டீர்கள்.

ஓடுகிறதா என்று பார்க்கிற சாக்கில் பாடம் நடத்துகிறவளை முழுக்கப் பார்த்துவிட்டேன். உங்களுக்கு அவர் டீச்சர். எனக்குக் கறுப்புச் சட்டைக்காரி. சைகை தெளிவாகத் தெரிய வேண்டும் என்று எந்தப் பாடத்திலும் அதே சட்டை. அந்தக் கறுப்பின் மேல் விரல்கள் விரிவதும் மடங்குவதும் அழகுதான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் போன முறை போன் கிடைத்தபோது, அவர் சொல்லித் தரும் விதமே தனி என்று நீங்கள் சொன்னீர்களே, அந்த நேரத்தில் நான் எப்படி இருக்கிறேன் என்று கேட்டிருக்கலாம். கேட்பதற்குள் லைன் போய்விட்டது.

கேட்காமல் இறக்குவது முறையில்லை என்று அவளுக்கு எழுதி அனுமதி கேட்டேன். உண்மையைச் சொன்னால், கூடாது என்று எழுதமாட்டாளா என்ற ஆசையில்தான் கேட்டேன். அன்றைக்கே பதில் வந்துவிட்டது. தாராளமாக எடுத்துக்கொள்ளுங்கள், கடலில் இருந்துகொண்டு மகளுக்காகக் கற்கிற அப்பாவுக்கு என் வாழ்த்தைச் சொல்லுங்கள், உங்கள் மகளுக்கு என் முத்தம் என்று. நல்லவள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. கெட்டவளாக இருந்திருந்தால் நிம்மதியாக வயிறு எரிந்திருப்பேன். வாழ்த்தைச் சொல்லிவிட்டேன். முத்தத்தை அவள் பெயரில் கொடுக்கவில்லை, என் பெயரிலேயே கொடுத்தேன்.

உங்களை வைத்துத்தான் பொறாமை என்று நினைத்து மீசையைத் தடவிக்கொள்ளாதீர்கள். விஷயம் வாலு.

கடையிலிருந்து வந்ததும் நானும் அவளும் கண்ணாடி முன் உட்காருவது உங்களுக்குத் தெரியும். என் தொண்டையில் அவள் கையை வைத்து, அவள் தொண்டையில் என் கையை வைத்து, ஒவ்வொரு எழுத்தாகத் தோண்டி எடுக்கிறோம். 'ப', 'ம' எல்லாம் உதட்டில் தெரியும், வந்துவிட்டது. 'க' மட்டும் உள்ளே பிறப்பதால் பிடி கொடுக்க மாட்டேன் என்கிறது. அப்பா எங்கே என்று யார் கேட்டாலும் 'தடல்ல' என்பாள். கேட்டவர்கள் விழிப்பார்கள். நான் அவள் மோவாயைப் பிடித்துத் திருப்பி, மறுபடியும் சொல் என்பேன். அவள் அழுவாள். நான் விடமாட்டேன். நாளைக்கு பஸ்ஸில், கடையில், வேலையில் அவள் வாயைத் திறந்து கேட்க வேண்டாமா? போன விடுமுறையில் இதற்குத்தானே நமக்குள் சண்டை. கை பேச ஆரம்பித்தால் வாய் சோம்பேறியாகிவிடும் என்று நான். எஞ்சின் சத்தத்தில் நாங்கள் எல்லோருமே செவிடுதான், கையால் பேசித்தான் வேலை நடக்கிறது, இவளுக்கு இரண்டும் இருக்கட்டுமே என்று நீங்கள். நீங்கள் கப்பல் ஏறிவிட்டீர்கள். சண்டை பாதியில் நின்றுவிட்டது.

இப்போது அவள் என்ன செய்கிறாள் தெரியுமா? கம்ப்யூட்டரைத் திறந்தாலே ஓடி வந்து என் நாற்காலியில் பாதியைப் பிடித்துக்கொள்கிறாள். திரையில் அவள் கையை அசைக்கிறாள், இங்கே இவள் அசைக்கிறாள். அதட்டல் இல்லை, அழுகை இல்லை. நான் வருஷக்கணக்காகத் தொண்டையைப் பிடித்து வாங்கியதைவிட அதிகமாக, அந்தக் கறுப்புச் சட்டைக்காரி தூரத்தில் இருந்துகொண்டே சிரித்துச் சிரித்து வாங்கிவிட்டாள். தூங்கப் போகும்போது வாலு அணைந்த திரைக்குக் கையசைத்துவிட்டுப் போகிறாள். பக்கத்தில் நிற்கிற எனக்கு இல்லை.

போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஒரு தொகுதியை மாற்றி டிவியில் போட்டேன். படம் வந்தது, சத்தம் வரவில்லை. அடுத்ததைப் போட்டேன், அதுவும் ஊமை. கேபிளை ஆட்டினேன், ரிமோட்டைத் தட்டினேன், மென்பொருளைத் திறந்து அதன் பெட்டிகளையெல்லாம் மாற்றி மாற்றி அழுத்தினேன். வேர்த்துவிட்டது. நான் இப்படி அல்லாடிக்கொண்டிருக்க, வாலு தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து பாடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். திடீரென்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். திரையில் அவளும் சிரித்தாள். ஒரே நேரத்தில், ஒரே விஷயத்துக்கு.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அதுவரை கறுப்புச் சட்டைக்காரி கூடவே வாயால் விளக்கிக்கொண்டு வந்ததால் எல்லாம் தெரிந்த மாதிரி இருந்திருக்கிறது. சத்தம் போனதும் எனக்கு வெறும் விரல்கள்தான் தெரிந்தன. என் வீட்டில், என் டிவி முன்னால், என்னைத் தவிர மற்ற இருவரும் பேசிக்கொண்டிருந்தார்கள். வாலுவின் தோளைத் தட்டி, என்ன சொன்னார்கள் என்று கேட்டேன். அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். கடைக்கு வருகிற சில பேர் அவளுடைய காதுக் கருவியைப் பார்த்துவிட்டு ஒரு பார்வை பார்ப்பார்களே, அதே பார்வை. பிறகு வாயைத் திறந்து சொன்னாள்:

"பாவம்மா நீ. உனக்குக் கேக்கல."

நன்றாகப் படியுங்கள். அத்தனை 'க'வும் வந்தது. ஒன்றுகூடத் 'த' ஆகவில்லை. நான் அவளைத் தூக்கிக் கொண்டாடியிருக்க வேண்டும். சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு நின்றேன்.

அவள் பின்னாலேயே வந்து என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் உட்காரவைத்தாள். டிவியை நிறுத்தினாள். என் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிக் காட்டினாள். நான் தப்பாகச் செய்தால் முகத்தைச் சுளித்து, மறுபடியும் என்றாள். அது என் முகம்தான். அவ்வளவு கடுமையாக இருக்கும் என்று எனக்குத் தெரியாது. விஷயம் இவ்வளவுதான்: ஒரு விரல் தப்பாக மடங்கியதில் டீச்சர் தன் மாமியாரை மாடு என்று சொல்லிவிட்டாளாம். உங்கள் அம்மாவிடம் இதைச் சொல்லிவைக்காதீர்கள். எனக்கும் சிரிப்பு வந்தது, கொஞ்சம் தாமதமாக.

சத்தத்தை மறுநாள் சரிசெய்துவிட்டேன். மாற்றும்போது ஒலி என்ற பெட்டியில் டிக் போட விட்டுப்போயிருந்தது, அவ்வளவுதான். உங்களுக்கு ஒலியுள்ளதையே வைத்திருக்கிறேன். ஊமைப் பிரதிகளை அழிக்கவில்லை, அவற்றை வைத்து நான் படித்துக்கொண்டிருக்கிறேன். கண்ணாடிப் பயிற்சியையும் விடவில்லை. இப்போது அவள் எனக்கொரு பாடம், நான் அவளுக்கொரு பாடம். நான் மாறிவிட்டேன் என்று முடிவுகட்டிவிடாதீர்கள். திரையில் அந்தச் சட்டையைப் பார்த்தால் இன்னமும் எரிகிறது.

ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். ஹார்ட் டிஸ்கில் பாடங்கள் முழுவதும் இல்லை. கதை சொல்வது, கேலி செய்வது, கோபித்துக்கொண்டு சமாதானமாவது என்று கடைசியில் வருபவற்றை நான் இறக்கவே இல்லை. நெட் சரியில்லை என்று சொல்லித் தப்பித்திருக்கலாம், மனம் வரவில்லை. எல்லாவற்றையும் அங்கேயே கற்றுக்கொண்டு வந்து வாசலில் நீங்களும் அவளும் கையால் பேசிச் சிரிப்பீர்கள். நான் உங்கள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு, என்ன சொன்னாள், என்ன சொன்னாள் என்று பின்னாலேயே வர வேண்டும். அது என்னால் முடியாதுங்க.

மிச்சத்தை நீங்கள் வந்ததும் மூன்று பேரும் ஒரே நாற்காலியில் இடித்துக்கொண்டு பார்ப்போம். காற்றும் கடலும் உங்களிடம் தன்மையாக நடந்துகொள்ளட்டும். சீக்கிரம் வாருங்கள். படிப்பை மட்டும் கொஞ்சம் மெதுவாகப் படியுங்கள்.

உங்களை எதிர்பார்த்தபடி,
வாலுவின் அம்மா