வாசலில் தக்சாயினியின் படம்

அரியாலை கிழக்கு,
2025.05.02

அன்புள்ள உதயாவுக்கு,

உன் வீட்டில் எல்லாரும் சுகமாக இருக்கவேண்டும். எங்களைப் பற்றி உனக்குத் தெரியும், எழுத ஒன்றும் இல்லை.

நேற்றுப் பின்னேரம் நீ படலையடியில் நின்று கூப்பிட்டது எனக்குக் கேட்டது. நான் அறைக்குள்தான் இருந்தேன். எழும்பி வர மனம் வரவில்லை. நீ சொல்லிவிட்டுப் போனதை இவர் வந்து சொன்னார். எங்கள் தக்சாயினிக்கு ஏ.எல். சோதனையில் மூன்று பாடத்திலும் ஏ வந்திருக்கிறதாம். பள்ளிக்கூட வாசலில் கட்டுகிற பதாகைக்கு அவளுடைய படம் வேண்டுமாம். யூனிபோம் போட்ட படமாம்.

நேரில் கதைக்க வெளிக்கிட்டால் எனக்குச் சொல் வராது. அதுதான் எழுதிச் சின்னவள் பிரசாந்தியிடம் குடுத்துவிடுகிறேன். உன்னோடு ஒரே வாங்கில் இருந்து எட்டாம் வகுப்போடு நின்றவளின் எழுத்து. பிழை இருந்தால் திருத்தி வாசி, அது உன் வேலைதானே.

படம் தரமாட்டேன்.

ஏன் என்று உனக்குத் தெரியாததில்லை. போன வருசம் இவர் நாரி ஒப்பரேசன் செய்துவிட்டு நிமிர ஏலாமல் படுத்துக் கிடந்தார். விடியப் படகுகள் வந்தால் மற்றவர்களின் வலையில் நண்டு கழட்டிக் குடுத்துத்தான் உலை வைத்தோம். என் ஒருத்தியால் ஏலாது என்று தக்சாயினியும் வந்து இருந்தாள். முடிய வெயில் ஏறிவிடும். அந்த நாட்களில் அவள் பள்ளிக்கூடம் வரவில்லை. வரவு காணாது, பள்ளிக்கூடத்தால் சோதனை எழுத ஏலாது, பிறைவேற்றாக வெளியில் எழுதட்டும் என்று அதிபர் சொன்னார். வகுப்பு ரீச்சர் நீ. நீ பக்கத்தில் நின்றாய்.

அந்த வகுப்பில் அரைவாசிப் பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்கு வராமல் ரியூசனில் நின்றதுகள். அதுகளுக்கு வரவு போட்டாய். வலையடியில் நின்ற பிள்ளைக்குப் போடவில்லை. தவணைச் சோதனையில் அவளுக்குப் புள்ளி குறைவு. அவள் பெயில் விட்டால் நூறு வீதம் சித்தி என்று எழுத ஏலாது. அதுதானே உதயா?

அன்றைக்கு வீட்டுக்கு வந்தவள், "அம்மா, நான் இனி அந்தப் பள்ளிக்கூடப் பிள்ளை இல்லையாம். யூனிபோம் ரை தோய்க்கிற வேலை உங்களுக்கு மிச்சம்" என்று சொல்லிச் சிரித்தாள். பிறகு கிணற்றடியில் கனநேரம் நின்றாள்.

ரவுணில் யாரையும் தெரியாத ஒரு பள்ளிக்கூடத்தில் போய் எழுதினாள். மழைக்குள் பஸ்ஸுக்கு நின்று நின்று போனாள். சோதனை முடிந்து ஆறுதலாக நித்திரை கொண்டது கொஞ்ச நாள்தான். பிறகு காய்ச்சல். டெங்கு என்றார்கள். பொங்கலுக்குப் புதுச்சட்டை எடுக்க வைத்திருந்த பிள்ளையை வெள்ளைச் சீலையால் மூடிக் குடுத்தார்கள்.

உயிரோடு இருக்கும்போது உங்களுடைய பிள்ளை இல்லை என்றீர்கள். இப்போது எப்படி உங்களுடையவள் ஆனாள்?

அன்புடன்,
மீனா

உடுவில்,
2025.05.06

அன்பின் மீனா,

உன் கடிதத்தை ஆசிரியர் அறையில் வாசிக்கத் தொடங்கினேன். மிச்சத்தை வீட்டுக்கு வந்துதான் வாசித்தேன்.

நீ எழுதியதில் பொய் ஒன்றும் இல்லை. முடிவெடுத்தது அதிபர். நான் வாய் திறந்திருக்கலாம், திறக்கவில்லை. கல்வி வலயத்தில் கூட்டம் வைத்து ஒவ்வொரு பாடசாலையின் சித்தி வீதத்தையும் திரையில் போடுவார்கள். குறைந்த பாடசாலை அதிபரை எழுப்பி நிறுத்திக் கேட்பார்கள். அவர் வந்து எங்களை நிறுத்திக் கேட்பார். நியாயம் என்று இதைச் சொல்லவில்லை. நடக்கிறதைச் சொல்கிறேன்.

ஆனாலும் ஆறாம் வகுப்பு முதல் அவள் எங்களிடம்தான் படித்தாள். புவியியலுக்குப் படம் கீற நான்தான் பழக்கினேன். கடற்கரையை மட்டும் நான் சொல்லிக் கொடுக்கத் தேவையில்லை, என்னைவிட வடிவாகக் கீறுவாள். இம்முறை கலைப்பிரிவில் எங்கள் பாடசாலையில் வேறு ஒருவருக்கும் மூன்று ஏ இல்லை. அவளுடைய பெயரை நாலு பேர் வாசிக்க வேண்டாமா? எங்களில் உள்ள கோபத்தில் அவளை மறைத்து வைக்காதே.

அவசரம் இல்லை. யோசித்துச் சொல். நாகலிங்கம் அண்ணைக்கு இப்போது நாரி எப்படி? குனிந்து பாரம் தூக்கவேண்டாம் என்று சொல்.

என்றும் உன்,
உதயா

அரியாலை கிழக்கு,
2025.07.04

அன்புள்ள உதயாவுக்கு,

பதில் போடாமல் விட்டதற்குக் குறை நினைக்காதே. இவர் மெல்ல மெல்லத் தொழிலுக்குப் போகத் தொடங்கிவிட்டார். இந்தக் கடிதத்தையும் இவரிடம்தான் தந்துவிடுகிறேன். பிரசாந்தி கையில் குடுக்க ஏலாது, அவளைப் பற்றிய விசயம்.

இந்த வருசச் சோதனைக்கு விண்ணப்பம் போடுகிறார்கள் என்று அதிபர் அவளைக் கூப்பிட்டாராம். வரவு காணாதாம். தமக்கை ஆசுப்பத்திரியில் கிடந்த நாட்கள், செத்தவீடு, அந்தியேட்டி, அதற்குப் பிறகு பிள்ளை வாய் திறக்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டு கிடந்த நாட்கள், எல்லாம் வராத நாட்கள்தானாம். அதிபர் என்ன சொன்னார் தெரியுமா? "உம்மடை அக்காவும் பிறைவேற்றாத்தானே எழுதினவ. எவ்வளவு நல்ல றிசல்ட். நீரும் அப்பிடி எழுதும்."

வந்து எனக்கு அதைச் சொல்லிவிட்டு, "தெரியாத பள்ளிக்கூடத்திலை அக்கா மாதிரித் தனியப் போய் இருக்கமாட்டன். அப்பிடியெண்டால் எனக்குச் சோதினையே வேண்டாம்" என்றாள். அவள் சொன்னால் சொன்னதுதான். தக்சாயினிதான் சிரித்துச் சமாளிக்கிறவள். இவளுக்கு அது வராது.

எனக்கு இனி இவள் ஒருத்திதான். இவளும் என்னைப்போல விடிய எழும்பி நண்டுக் கால் குத்தின விரலோடு காலம் போக்கவேண்டாம். அதனால் கேட்கிறேன்.

படம் தருகிறேன். பிரசாந்தியின் விண்ணப்பத்தைப் பள்ளிக்கூடத்தால் அனுப்பச் சொல். அதிபரிடம் இப்படியே சொல், சுத்தி வளைக்க வேண்டாம். தாய் பேரம் பேசுகிறாள் என்று நினைத்தால் நினைக்கட்டும். பிரசாந்திக்கு இது தெரியக்கூடாது.

அன்புடன்,
மீனா

உடுவில்,
2025.07.09

அன்பின் மீனா,

அதிபர் சம்மதித்துவிட்டார். விண்ணப்பத்தில் நேற்றே கையெழுத்து வைத்தார். அதற்கு வேண்டிய வரவை நான் சரி செய்தேன். போன வருசம் செய்யாததை இந்த வருசம் செய்தேன் என்று நீ சொல்லமுதல் நானே சொல்லிவிடுகிறேன்.

படத்தை அண்ணையிடம் கொடுத்துவிடு. மாலை, பொட்டு ஒன்றும் தெரியாமல் இருக்கவேண்டுமாம். பெயருக்கு முன்னால் அமரர் என்று போடத்தானே வேண்டும் என்று கேட்டேன். சந்தோசமான விசயத்தில் அது வேண்டாம் ரீச்சர் என்றுவிட்டார்.

பிரசாந்தியைப் படிக்கச் சொல். தமிழில் கொஞ்சம் கவனம் வேண்டும். மற்றவை பயமில்லை.

உன்,
உதயா

அரியாலை கிழக்கு,
2025.07.28

அன்புள்ள உதயாவுக்கு,

நீ சொன்ன சொல்லைக் காப்பாற்றினாய். நன்றி சொல்லவேண்டும், சொல்கிறேன்.

படத்தைச் சுவரால் இறக்கி மாலையைக் கழட்டினேன். கண்ணாடியில் வைத்த சந்தனம் காய்ந்து இறுகிப்போய் இருந்தது. நகத்தால் சுரண்டித்தான் எடுத்தேன். பெற்ற பிள்ளையின் நெற்றியில் அப்படிச் சுரண்டின கை இது.

பதாகையை நான் பார்க்க வரவில்லை. இவர் போய்ப் பார்த்தார். "சிரிச்சுக்கொண்டு நிக்கிறாள்" என்று மட்டும் சொல்லிவிட்டுச் சாப்பிடாமல் படுத்துவிட்டார்.

பிரசாந்திக்கு யாரும் சொல்லவில்லை. விண்ணப்பம் போனதும் அதே மாதம், தமக்கை வாசலில் ஏறினதும் அதே மாதம். அவள் மொக்கு இல்லை. வந்து புத்தகப்பையை இறக்காமலே கேட்டாள்.

"அக்காவைக் குடுத்துத்தானே அம்மா எனக்குக் கையெழுத்து வாங்கினனீங்கள்?"

ஓம் என்றேன்.

அதற்குப் பிறகு என்னோடு கதை இல்லை. தேத்தண்ணி வைத்தால் குடிப்பாள், அவ்வளவுதான். பள்ளிக்கூடத்துக்குப் பின்பக்கக் கேற்றால் போய்ப் பின்பக்கக் கேற்றால் வருகிறாளாம். எதனால் போனாலும் போகிறாளே, எனக்கு அது காணும். படிக்கிறாள். விளக்கு எரிகிறது, பக்கம் புரளுகிற சத்தம் கேட்கிறது. அவளை ஒன்றும் கேட்காதே. கொஞ்சம் பார்த்துக்கொள்.

அன்புடன்,
மீனா

உடுவில்,
2025.11.13

அன்பின் மீனா,

என்ன நடந்தது? நேற்று முதல் பாடம். எங்கள் பிள்ளைகள் மண்டபத்துக்குள் போவதை வெளியில் நின்று பார்த்தேன். பிரசாந்தியைக் காணவில்லை. அவளுடைய சுட்டெண் ஒட்டிய மேசை யன்னலோரம். மணி அடித்த பிறகும் அது வெறுமையாகத்தான் இருந்தது. உன் தொலைபேசிக்கு எடுத்தேன், வேலை செய்யவில்லை. அண்ணையும் எடுக்கவில்லை.

அதிபரிடம் பயந்துகொண்டுதான் போய்ச் சொன்னேன். அவர் கோபிக்கவில்லை. சோதனைக்குத் தோற்றாதவர்கள் வீதக் கணக்கில் வரமாட்டார்கள் என்றார். ஆகவே பாடசாலையால் உங்களுக்கு ஒரு கரைச்சலும் வராது, அதை நினைத்து யோசிக்காதே.

இன்னும் இரண்டு பாடம் இருக்கிறது. வரும் செவ்வாய் புவியியல். ஒன்று போனாலும் மற்ற இரண்டையும் எழுதினால் கையில் ஏதோ இருக்கும். அடுத்த வருசம் முழுதாக எழுதலாம். விட்டால் அப்படியே விட்டுப்போகும், நான் எத்தனை பிள்ளைகளைப் பார்த்துவிட்டேன். எப்படியாவது அனுப்பு.

உன்,
உதயா

அரியாலை கிழக்கு,
2025.11.14

அன்புள்ள உதயாவுக்கு,

அவள் வந்தாள் உதயா. வெள்ளைச் சட்டை போட்டு, ரை கட்டி, கோயிலடியில் கும்பிட்டு, தகப்பனோடு மோட்டச்சைக்கிளில் வந்தாள். சோதனை நாளில் பின்பக்கக் கேற்றைப் பூட்டிவிடுவீர்கள் என்று எங்களுக்குத் தெரியாது. முன்வாசலுக்கு வந்து இறங்கி, நிமிர்ந்து தமக்கையைப் பார்த்தாளாம். "அப்பா, வீட்டை போவம்" என்றாளாம். இவர் கையைப் பிடித்து இழுத்தும் பார்த்தார். பிள்ளை அந்த இடத்திலேயே குடித்த தேத்தண்ணியைச் சத்தி எடுத்துவிட்டாள்.

நேற்று முழுக்கக் கெஞ்சினேன். காலைப் பிடிக்காத குறை. கடைசியாக, எத்தனையோ மாதத்துக்குப் பிறகு என் முகத்தைப் பார்த்துச் சொன்னாள். "அதைக் கழட்டச் சொல்லுங்கோ. போறன்."

அவ்வளவுதான் கேட்கிறாள். நாலு மூலைக்கு நாலு கயிறு. சோதனை முடியத் திரும்பக் கட்டுங்கள், நான் ஒன்றும் சொல்லமாட்டேன். அதிபர் விடாவிட்டால், விடிய ஆட்கள் வரமுதல் நீயே அவிழ்த்துவிடு. காற்றுக்கு அறுந்தது என்று சொல். இது வாடைக்காற்று அடிக்கிற நேரம், யாரும் கேட்கமாட்டார்கள்.

உன்னிடம் இதற்கு மேல் ஒன்றும் கேட்கமாட்டேன்.

அன்புடன்,
மீனா

அரியாலை கிழக்கு,
2025.11.19

உதயகலா ரீச்சருக்கு,

உங்களிடமிருந்து பதில் வரவில்லை. கழட்டிவிடுவீர்கள், அதுதான் எழுதிக்கொண்டு நிற்கவில்லை என்று நினைத்தேன். பிரசாந்தியிடமும் அப்படித்தான் சொன்னேன். "ரீச்சர் கழட்டியிருப்பா, வா" என்று நேற்று விடிய நானே கூட்டிக்கொண்டு வந்தேன்.

தூரத்திலேயே தெரிந்தது. நான் அதை நேற்றுத்தான் முதன்முதல் கண்டேன். வெயிலுக்கு மற்றப் பிள்ளைகளின் முகம் வெளிறிப்போய்விட்டது. நடுவில் இருந்தபடியாலோ என்னவோ தக்சாயினியின் முகம் அப்படியே இருந்தது. காற்றுக்கு அசைந்துகொண்டு இருந்தது.

நீங்கள் கேற்றுக்கு உள்ளே குடையோடு நின்றீர்கள். எங்களைக் கண்டீர்கள். நான் மேலே பார்த்தேன். நீங்களும் மேலே பார்த்தீர்கள். பிறகு குனிந்து மணிக்கூட்டைப் பார்த்துவிட்டு, மற்றப் பிள்ளைகளை "கெதியா வாங்கோ, கெதியா வாங்கோ" என்று கூப்பிட்டீர்கள்.

பிரசாந்தி அழவில்லை. "காணும் அம்மா, போவம்" என்றாள். சோதனை அட்மிசன் காட்டை என் கையில் தந்தாள். வீட்டுக்கு வந்து சட்டையை மாற்றிக்கொண்டு தகப்பனோடு வலையடிக்குப் போய்விட்டாள். இன்றைக்கும் போனாள். இனி அதுதான்.

மற்றப் பாடத்துக்கும் அவள் வரமாட்டாள். மேசையைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டாம். வராதவர்கள் கணக்கில் இல்லை என்று அதிபர் சொன்னது உங்களுக்கு ஆறுதலாக இருக்கும்.

உங்களுக்கு வேலை இருக்கிறது, மேலே ஆட்கள் இருக்கிறார்கள், கயிற்றில் கை வைத்தால் கேள்வி வரும். எனக்கு எல்லாம் விளங்குகிறது. விளங்கினபடியால்தான் இந்தக் கடிதத்தில் ஏச்சு இல்லை. ஆனால் இனி இந்தப் பக்கம் வரவேண்டாம். ரோட்டில் கண்டால் தலையாட்டுவேன். அதற்கு மேல் என்னால் ஏலாது.

இப்படிக்கு,
நா. மீனாம்பிகை
(பிரசாந்தியின் தாய்)