எண்ணெய் பூசிய மணல்

திருவண்ணாமலை
11-12-1989

அன்பு மருமகன் ஜியாவுல்லாவுக்கு, ஜட்கா வண்டிகளின் சக்கரவர்த்தியும் உன் அம்மாவின் ஒரே அண்ணனுமான பக்ருதீன் மாமு எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே எல்லோரும் நலம்.

இதில் நான் எழுதப்போவதை ஒருவரும் நம்பப் போவதில்லை. நீயும் நம்பமாட்டாய். சத்தியம் செய்துவிட்டுத்தான் தொடங்குகிறேன்.

உன் கடிதம் கிடைத்தது. நீ இருக்கும் ஊரில் குதிரைப் பந்தய மைதானத்து மண்ணையெல்லாம் வாரிக் கொட்டிவிட்டு, எண்ணெயும் பிசினும் பூசிய மணலைப் பரப்பியிருக்கிறார்களாம். மழை பெய்தாலும் சேறாகாதாம், குதிரைக்குக் கால் முறியாதாம். ஜனவரி முதல் அதில் சவாரி செய்ய உன்னைக் கையெழுத்துப் போடச் சொல்கிறார்களாம். போடலாமா மாமுன்னு கேட்டிருக்கிறாய்.

எனக்குச் சந்தேகம். முறியாது என்று சொன்னது யார்? மணலை விற்றவனா, குதிரை வைத்திருப்பவனா? ஓடிய அன்றைக்குப் பார்த்தார்களா, ஒரு வாரம் கழித்து லாயத்தில் நொண்டுவதைப் பார்த்தார்களா? உன்மேலும் சந்தேகம். நாலு பக்கம் மணலைப் பற்றி எழுதியிருக்கிறாய். மெட்ராஸில் விழுந்து இறங்கிய தோள்பட்டை இப்போது எப்படி இருக்கிறது என்று ஒரு வரி இல்லை.

ஆகவே, நானே பரிசோதனையில் இறங்கினேன். கீழ்பென்னாத்தூரில் மணிலாக்கொட்டை எண்ணெய் ஆட்டும் நம்ம ஜினராஜிடம் ஏழு டின் எண்ணெய்க் கசடு வாங்கினேன். இதைத் தின்னப் போறியா பாய், பூசிக்கப் போறியான்னு கேட்டார். பிசினுக்குப் பதிலாக நான் வாங்கியதில் ஊரில் இருந்த மெழுகுவத்தி எல்லாம் தீர்ந்துபோய், கரண்ட் போன அன்றைக்கு ஜில்லாவே என்னைத் திட்டியது. எல்லாவற்றையும் உருக்கி மணலில் பிசைந்து, வேங்கிக்கால் பக்கம் காலி மனையில் பரப்பினேன். பக்கத்தில் அதே நீளத்துக்கு வெறும் மண்.

வண்டியை அவிழ்த்துவிட்டு, நம்ம கஸ்தூரிமேல் சேணம் இல்லாமல் ஏறினேன். குதிரையா அது! முதலில் மண்ணில் விட்டேன். கிளம்பிய புழுதியில் மலையே மறைந்து, கிரிவலம் வந்தவர்கள் திசை தெரியாமல் செங்கம் போய்ச் சேர்ந்தார்கள். அடுத்து எண்ணெய் மணல். கஸ்தூரி பறந்த பறப்பில் அடி அண்ணாமலைக்கு முதலில் அவள் நிழல் போய்ச் சேர்ந்தது, அப்புறம்தான் அவள் போனாள். கலெக்டர் ஆபீஸ் காகிதமெல்லாம் அந்தக் காற்றில் வேலூருக்கே பறந்துபோனது.

கடைசி ஓட்டத்தில் ஜினராஜ் எல்லைக்கோட்டில் நின்று, வா வான்னு உற்சாகமாகக் கையைத் தூக்கினார். பதினோரு வருஷம் ஜட்கா இழுத்தவள் அல்லவா? ரோட்டில் யார் கை தூக்கினாலும் அவளுக்கு அது சவாரி. நின்றுவிட்டாள். மண்ணாக இருந்தால் குளம்பு நாலடி சறுக்கிவிட்டு மெதுவாக நிற்கும். இந்த மணல் சறுக்கவே விடவில்லை. வைத்த கால் வைத்த இடத்திலேயே பிடித்துக்கொண்டது. அவள் நின்றாள், நான் நிற்கவில்லை. ஜினராஜின் தலைக்கு மேலே போகும்போது அவருக்கு சலாம் வைத்தேன், அவரும் பதிலுக்கு வைத்தார்.

உன் அம்மா முன்னி பேகம் கேள்விப்பட்டு, உனக்கு வயசு அறுபதா ஆறான்னு என்னைத் திட்டினாள். உன்னைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் உன் கடிதத்தைத் தினமும் வஜீதாவிடம் கொடுத்து மறுபடி படிக்கச் சொல்கிறாள். வஜீதாவுக்கு இது ஏழாம் மாசம். உன் பெண்டாட்டி நல்லா படிக்கிறாள், தோள்பட்டை வரும் இடத்தைத் தேடித் தேடிப் படிக்கிறாள்.

மண்தான் நல்லது என்று நான் சொல்லவில்லை, மருமகனே. உன்னைக் கீழே போட்டதே மண்தான். புது மணல் குதிரைக்கு நல்லதாகவே இருக்கலாம். கையெழுத்துப் போடும் முன்பு அந்த ஆட்களிடம் ஒன்றே ஒன்று கேள்: மேலே உட்கார்ந்திருந்தவர்களில் எத்தனை பேர் விழுந்தார்கள், விழுந்தவன் எழுந்தானா? பதில் சொல்ல ஜாஸ்தி நேரம் எடுத்தால் பேனாவை மூடிவிட்டு வந்துவிடு. இங்கே வண்டி இருக்கிறது, கஸ்தூரி இருக்கிறாள். அல்லாஹ் உன்னை முழு உடம்போடு திருப்பி அனுப்பட்டும்.

இப்படிக்கு,
துஆவுடன் மாமு பக்ருதீன்

மேலே எழுதியதில் மலை மறைந்தது, நிழல் முந்தியது, சலாம் வைத்தது எல்லாம் புளுகு. நான் விழுந்தது மட்டும் நிஜம். இடது மணிக்கட்டு முறிந்து மாவுக்கட்டில் இருக்கிறது. ஓடிவந்த அத்தனை பேரும் முதலில் குனிந்து பார்த்தது கஸ்தூரியின் காலைத்தான்.