ஐந்து கட்டையும் ஒரு பொட்டு ஈயமும்

அன்புள்ள சின்னம்மாவுக்கு,

கடிதம் எழுதுவது எனக்கு வராது. இயந்திரம் நின்றுவிட்டால் கழற்றிப் பார்க்கத் தெரியும், அவ்வளவுதான். ஆனால் உங்கள் செத்தவீட்டில் வேலியோரம் நின்று இரண்டு பேர் கதைத்தது என் காதில் விழுந்தது. "கிழவனை மேடை மேடையாய் இழுத்துக்கொண்டு திரிஞ்சு பிழைச்சவள்." அப்போது பாடை கட்டிக்கொண்டிருந்தேன். அதற்கான பதிலைத்தான் இப்போது நாலு பேர் படிக்கிற இடத்தில் எழுதுகிறேன்.

யாரை யார் இழுத்தது? நாடகத்துக்கு ஆள் பிடிக்க வந்தவர்கள் எல்லோரும் உங்களைத்தான் கேட்டார்கள். நாடகம் பழக்கும் செல்லப்பு அண்ணாவியார் உங்களுக்கு எதிரே எத்தனையோ வருடம் அரசன் வேடம் கட்டியவர். அவருக்குத் தொண்டை தளர்ந்ததும், "நீங்கள் மட்டும் வாங்கோ" என்றார்கள். நீங்கள் அச்சாரம் வைத்த வெற்றிலைத் தட்டத்தை அவர்கள் பக்கமே தள்ளிவிட்டீர்கள்.

"ரெண்டு பேருமெண்டால் வாறம். இல்லாட்டி வெத்திலையைக் கொண்டு போங்கோ."

அன்றிலிருந்து அவருடைய நாடகக் காரியம் முழுவதும் உங்கள் கையில். தொண்டை தெளிவாக இருக்கும் முன்பாதியை அவருக்குக் கொடுத்துப் பின்பாதி அரசனை வேறொருவருக்கு மாற்றினீர்கள். புகை அவர் பக்கம் போகிறதென்று விளக்குக்காரனோடு சண்டை பிடித்தீர்கள். உங்கள் வேடத்துக்கு அரிதாரம் பூசிக்கொண்டே அவருக்குச் சுக்குத்தண்ணி ஆற்றினீர்கள். இதற்குப் பெயர் பிழைப்பா?

ஒன்றை மட்டும் உங்களால் மாற்ற முடியவில்லை. அவர் மேடை ஏறியதும் சனத்துக்குள் இருந்து யாராவது கத்துவார்கள்: "அண்ணாவியார், எத்தினை கட்டை?" எந்தச் சுருதியில் பாடுவார் என்ற கேள்வி அது. அவர் ஐந்து விரலையும் விரித்துக் காட்டுவார். ஆர்மோனியப் பெட்டிக்காரர் ஐந்தாம் கட்டையில் விரலை வைப்பார். முன்வரிசையில் இருப்பவர்கள் அந்த விரலைப் பார்த்துச் சரி என்பார்கள். அந்த உயரத்தில்தான் பிறகு பாடியாக வேண்டும். நீர்வேலியில் ஒருநாள் உச்சியில் அவர் குரல் உடைந்தது. சனம் சிரித்தது.

அடுத்த நாளே பெட்டியோடு என் வேலைக்கொட்டிலுக்கு வந்தீர்கள். அண்ணாவியாரோடு நாடகமும் குடித்தனமும் என்று போனதால், அம்மா தெருவில் கண்டாலும் முகத்தைத் திருப்புகிற தங்கச்சி நீங்கள். ஆனாலும் பட்டப்பகலில் வந்தீர்கள்.

"மோனை, கை ஐஞ்சிலை இருக்க வேணும். சத்தம் அரைக் கட்டை கீழை வர வேணும். ஏலுமோ?"

ஏலும். பெட்டிக்குள் இருக்கும் பித்தளை நாக்குகளின் நுனியில் ஒரு பொட்டு ஈயம் பற்றவைத்தால் நாக்கு பாரமாகும், சுருதி இறங்கும். ஆனால் எனக்குக் கோபம் வந்தது.

"பழுதில்லாத பெட்டியைப் பழுதாக்கச் சொல்லுறியள். அந்தாளிட்டை உண்மையைச் சொன்னாலென்ன?"

"சொன்னால் அந்தாள் நாளைக்குப் பாடாது. பாடாட்டி சாப்பிடாது. உண்மையைக் குடுத்து நான் என்னத்தைச் சமைக்கிறது? நீ ஈயத்தை வை."

வைத்தேன். நாக்கு நாக்காகத் தட்டிக் கேட்டுச் சரிபார்த்தேன். பெட்டிக்காரரின் வாயைக் கட்டுவது உங்கள் பொறுப்பு. அடுத்த நாடகத்தில் அண்ணாவியார் உச்சியில் நின்று பாடினார். நீங்கள் பக்கத் திரைக்குப் பின்னால் நின்று சிரித்தீர்கள்.

பிறகு நெருப்புக் காய்ச்சல் உங்களைக் கொண்டுபோய்விட்டது. இனி நடந்தவை உங்களுக்குத் தெரியாது.

அண்ணாவியார் வீட்டோடு கிடந்தார். உரும்பிராய்க் கோயில்காரர் திருவிழாவுக்குக் கேட்டு வந்தபோது, "எனக்காகக் கதைக்கிறவள் போயிட்டாள்" என்று அனுப்பிவிட்டார். முடிந்தது என்றுதான் நானும் நினைத்தேன். ஒருநாள் மாட்டுவண்டியில் பெட்டியை ஏற்றிக்கொண்டு அவரே என் கொட்டிலில் வந்து இறங்கினார்.

"தம்பி, இன்னும் ஒரு அரைக் கட்டை இறக்கு."

"என்னத்தை இறக்க?"

"நடியாதை. ஈயம் வைச்சவன் நீதானே?"

என் கையில் இருந்த குறடு விழுந்தது. எப்போது தெரியும் என்று கேட்டேன்.

"முதல் நாளே. பாடுறவனுக்குத் தன்ரை தொண்டை தெரியாதோ? அவள் அவ்வளவு பாடுபட்டு ஒளிச்சு வைச்சாள். நான் கண்டுபிடிச்சிட்டன் எண்டு சொன்னால் அவளுக்கு எப்பிடி இருக்கும்?"

சின்னம்மா, நீங்கள் அவருக்குத் தெரியாமல் அவரைக் காத்தீர்கள். அவர் உங்களுக்குத் தெரியாமல் உங்களைக் காத்திருக்கிறார். இந்த இரண்டுக்கும் நடுவில் உண்மை உண்மை என்று கத்திய என்னை என்னவென்று சொல்வது?

இருந்தும் விடவில்லை. "இப்ப அவவும் இல்லை. நாலு கட்டையெண்டு சொல்லி நாலிலையே பாடுங்கோவன்" என்றேன்.

"அது அவளின்ரை ஏற்பாடு. கை ஐஞ்சிலைதான் இருக்கும்" என்றார். இரண்டாவது பொட்டு ஈயத்தையும் வைத்தேன்.

அவரே ஆள் அனுப்பி ஒப்புக்கொண்ட உரும்பிராய்த் திருவிழாவில் சனம் முட்டி வழிந்தது. நான் பக்கத் திரைக்குப் பின்னால், நீங்கள் நிற்கிற இடத்தில் நின்றேன். வழமைபோல் ஒருவர் கத்தினார்: "அண்ணாவியார், எத்தினை கட்டை?"

அவர் ஐந்து விரலையும் விரித்தார். பிறகு பக்கத் திரையைப் பார்த்தார். அங்கே நான்தான் நின்றேன். மெல்லப் பெருவிரலை மடக்கினார். நாலு.

முன்வரிசையில் ஒரு கிழவர் எழும்பிப் பெட்டியை எட்டிப் பார்த்தார். "பொய்! கை ஐஞ்சிலைதான் கிடக்குது! அண்ணாவியார் பகிடி விடுறார்!" விசிலும் கைதட்டலும் அடங்க வெகுநேரம் பிடித்தது. அதற்குப் பிறகு அவர் பாடினார். குரல் உடையவில்லை.

உண்மையைச் சொல்லிப் பார்த்தார், ஒருவரும் நம்பவில்லை. உங்கள் வேலை அவ்வளவு திறம்.

இதை எழுதட்டுமா என்று அவரிடம் கேட்டேன். "எழுது. ஆர் நம்பப் போறாங்கள்?" என்றார். வேலியோரம் கதைத்த இரண்டு பேராவது நம்பட்டும்.

அவர் தொண்டை இன்னும் இறங்கும். அதை நிறுத்த என்னால் முடியாது. ஆனால் அவர் பாடுகிற வரைக்கும் கை ஐந்தில்தான் இருக்கும், சின்னம்மா. அவர் கேட்கிறபோதெல்லாம் ஈயம் வைப்பேன். ஏன் என்று இனிக் கேட்கமாட்டேன்.

பக்கத் திரைக்குப் பின்னால் இப்போது நிற்கும்
உங்கள் பெறாமகன்,
இராசரத்தினம்